எனக்குக் கிடைக்காத சண்டை

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நான் என் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் என்னைவிட அதிகம் படித்தவள், அதற்காக இல்லை. என் சொந்தத் தம்பியே போன் செய்தால் என்னிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு “அண்ணிகிட்ட குடு” என்பான், அதற்காகவும் இல்லை. எங்கள் மகள் அவளை எதிர்த்துப் பேசினாள். என்னை எதிர்த்துப் பேசவில்லை. அதற்காகத்தான்.

மகளுக்கு அப்போது நாலரை வயது. செங்கல்பட்டில் வீட்டுக்குப் பக்கத்திலேயே எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். நான் மறைமலைநகர் பக்கம், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவள் பிறந்ததிலிருந்து நிரந்தர நைட் ஷிஃப்ட். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. பகலில் தலைக்கு மேல் நின்றுகொண்டு அதைச் செய், இதைச் செய் என்று சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். ராத்திரியில் ஒருவர்தான், அவரும் பாதி நேரம் கண்ணில் படமாட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாராவது அதட்டினால் தாங்காது. காலை ஏழே முக்காலுக்கு கம்பெனி பஸ் ராட்டினக்கிணறு ஸ்டாப்பில் இறக்கிவிடும். வீட்டுக்கு வந்து, குளித்து, நாஸ்தா முடித்து எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பேன்.

அந்த ஆறரை மணி நேரமும் வீட்டில் சத்தம் கூடாது. மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை, உள்ளே நான் படுக்கும் அறை, அவ்வளவுதான் வீடு. குக்கர் நான் வருவதற்குள் விசில் அடித்து முடித்திருக்கும். நாற்காலிக் கால்களுக்கு மனைவி பழைய சாக்ஸ் மாட்டியிருந்தாள். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தோம். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள், ஆனால் நான் எழுந்த பிறகுதான் தையல் மெஷின் ஓடும். மகள் டப்பா மூடியை இரண்டு கையாலும் பிடித்து, ‘டக்’ என்ற சத்தம் வராமல் மூடக் கற்றிருந்தாள். பேச்சு முழுக்கக் கிசுகிசுப்புதான். நைட் ஷிஃப்டுக்காரன் வீட்டில் இதெல்லாம் சாதாரணம். எங்கள் பஸ்ஸில் வரும் முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் இதே கதைதான்.

அந்தக் கிசுகிசுப்பிலேயே என் மகள் எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டாள். எனக்குத் தூக்கம் பிடிப்பதற்கு முன்னால், கதவுக்கு அந்தப் பக்கம் தினமும் நடக்கும்.

“ரெட்ட ஜட வாணாம்.”

“இஸ்கூல்ல ரெட்ட ஜடதான் போட்டுகினு வரணும்னு சொல்லிக்கீறாங்க.”

“மிஸ் ஒத்த ஜடதான் போட்டுகினு வராங்க. அவங்கள போய் கேளு.”

“மிஸ்ஸும் நீயும் ஒண்ணாடி?”

“ஒண்ணுதான். அவங்களுக்கும் ஒரு தல, எனுக்கும் ஒரு தல.”

“கத்தாத, அப்பா தூங்கிகினு கீறாரு.”

“நான் கத்தல. நீதான் கத்துற.”

இத்தனையும் வெறும் மூச்சுக் காற்றில். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். இடுப்பில் கை, கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது, நுனிக்காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தாள். உதைக்கவும் வேண்டும், சத்தமும் வரக்கூடாது. என் மனைவி எண்ணெய்க் கையோடு சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த அந்த நொடியில் மகளின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. “சாரிப்பா” என்றாள். பேசாமல் போய் அம்மாவின் முன்னால் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு இரட்டை ஜடைதான்.

முதலில் எனக்கு இது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர் திம்மாவரத்துக்காரர். அவருக்கு ஐந்து வயதில் ஒரு பையன். “எம் புள்ள எங்கிட்டயே, உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு கெடன்றான் அண்ணாத்த. ஒரே பேஜாரா கீது” என்று அழாத குறையாகச் சொல்வார்.

“எம் பொண்ணு அப்டி இல்ல” என்பேன். “ஒரு பார்வ பார்த்தா போதும்.”

“குடுத்து வச்சவன்யா நீ.”

இதை வீட்டில் வந்து மனைவியிடம் வேறு சொன்னேன். அவள் தட்டில் இட்லி வைத்துக்கொண்டே, “அடங்கிக் கெடக்கறதுல இன்னா பெரும? நம்ம ஆளுங்க அடங்கிக் கெடந்தது போதாதா?” என்றாள்.

அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று தெரியும். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அங்கே நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேச முடியாததையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டில் எங்கள் மேல் கொட்டுவார். அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிர்த்துப் பேசாததில், சும்மா பேசுவதும் நின்றுபோய்விட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது, அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஐயர் கேட்டார், படையலில் வைக்க. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “வாயுள்ள புள்ள பொழைக்கும்” என்று மனைவி பேச்சை முடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

என் பெருமையை உடைத்தது மீன்காரம்மாதான். சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வருகிறவர். நான் அவரைப் பார்த்தது குறைவு. அவர் வரும் மதிய நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அன்று கரண்ட் போய், ஃபேன் நின்று, விழிப்பு வந்துவிட்டது. கீழே தெருவில் ஒரு வாயாடிக் குட்டியின் குரல்.

“இது நேத்து மீனு! கண்ண பாரு, வெள்ளயா கீது!”

“அடிங்! காலைல புட்ச மீனுடி இது.”

“பொய்யி. போன வாரமும் இப்டிதான் சொன்ன. எங்கம்மா தூக்கி போட்டாங்க.”

“நீ மீனே துன்ன மாட்ட. நீ இன்னா நாயம் பேச வந்துட்ட?”

“நான் துன்னலன்னா இன்னா? நான் பாக்கறேன்ல?”

கணீரென்ற குரல், தெருக்கோடி வரை கேட்கும். யார் பெற்ற பிள்ளையோ, இந்தப் போடு போடுகிறதே என்று சிரித்துக்கொண்டே ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியை விலக்கிப் பார்த்தேன். என் மகள். ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள்.

நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகு அவளுடைய முழுக் குரலை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவிக்கு அது கிசுகிசுப்பாகவாவது தினமும் கிடைக்கிறது. மீன்காரம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் முழுசாகவே கிடைக்கிறது. பெற்ற அப்பனுக்கு “சரிப்பா”, “சாரிப்பா”, “தேங்க்ஸ்பா”. வயிறு எரிந்தது. கரண்ட் வந்த பிறகும் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சண்டை வேண்டும் என்றாகிவிட்டது. வலிந்து போய் வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். அவள் உட்காரும் சின்ன ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கடைசி பிஸ்கட்டை அவள் கண் முன்னாலேயே எடுத்துத் தின்றேன். “துன்னுப்பா” என்றாள். அவள் வாயில் வைக்காத பாகற்காயை ஒரு கரண்டி தட்டில் போட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்க, ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

“உனுக்கு கோவமே வரலியா?” என்று கேட்டேன்.

“வரலப்பா” என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

இதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். ஒரு நாள் மனைவிக்குக் காய்ச்சல். வந்த கையோடு நானே மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினேன். ஷூ மாட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான். “அப்பா, இது தப்பு, உனுக்கு ஒண்ணும் தெரியல” என்று ஒரு வார்த்தை சொல்வாள், உடனே சிரித்துக்கொண்டே மாற்றிவிடலாம் என்பது கணக்கு. அவள் ஷூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “போலாமாப்பா” என்றாள்.

பத்து நிமிஷ நடை. ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தேன். பாதி வழியில் நானே குனிந்து மாற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒரு வீம்பு, சொல்லட்டுமே, சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று. பள்ளிக்கூட வாசலில் டாட்டா காட்டிவிட்டு உள்ளே போனாள். நான் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

எழுந்து வந்தபோது மனைவி காய்ச்சலோடு உட்கார்ந்து மகளுடைய சுண்டுவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது.

“ஏன்டி, காலு மாறிக்கீதுன்னு வாய தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“அப்பா போட்டுவுட்டாரு” என்றாள் மகள்.

அவளை விளையாட அனுப்பிவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பது சரி. எங்கிட்ட மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், நீதான் அப்பா வராரு, அப்பா முழிச்சிக்குவாருன்னு என்னைப் பூச்சாண்டி ஆக்கி வைத்திருக்கிறாய், எல்லாச் சண்டையும் உனக்கே வேண்டும் என்று கத்தினேன்.

“இன்னா, காதுல புகை வருதா?” என்று முதலில் கிண்டலாகத்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. “நானா ஆக்குனேன்? உனுக்கு நெனப்பே இல்லியா?”

அவள் சொன்னபோது பாதி நினைவு வந்தது. மகளுக்கு இரண்டரை வயது. நான் தூங்கும் அறையின் கதவில் எவர்சில்வர் டம்ளரால் தட்டித் தட்டி “அப்பா வா, அப்பா வா” என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் எழுந்து வந்து அந்த டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடித்து ஒரு கத்து கத்தினேன். அது வரைக்கும் எனக்கும் தெரியும். குழந்தை நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போனதும், அன்று முழுக்க வாய் திறக்காததும் எனக்குத் தெரியாது. அதற்குள் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

“அன்னிலேர்ந்து நீ முழிச்சிகினு கீறப்பகூட, அவளுக்கு நீ தூங்கிகினு கீற ஆளுதான்” என்றாள் மனைவி. அதைக் கோபமில்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மறுநாளே பகல் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் மாற்றினார்கள். மறுபடியும் தலைக்கு மேல் பத்துப் பேர். என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் வந்து, இப்படி இல்லை, அப்படி என்று சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. ஜன்னல் துணியைக் கழற்றினேன். காலிங் பெல்லுக்கு ஒயர் கொடுத்தேன். தையல் மெஷின் காலையிலேயே ஓட ஆரம்பித்தது. இனி என்ன, வீடு கலகலவென்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நினைப்புதான். மாடிப்படி ஏறும்போதே உள்ளே அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை கேட்கும். இப்போது முழுக் குரலில்.

“ஹோம்ஒர்க்க நீ எழுது. நீதான பெரியவ?”

“நான் எழுதுனா மார்க்கு எனுக்குத்தான் போடுவாங்க, பரவால்லியா?”

“போடட்டும். வச்சிக்கோ.”

நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ரேடியோவைத் திருகிய மாதிரி குரல் இறங்கிவிடும். உள்ளே போனால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பாள். முன்பாவது கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் கிசுகிசுப்பு, எனக்கு அதுவாவது கேட்டது. இப்போது நல்ல சண்டை நான் வந்ததால் நின்றுபோகிறது. பொறாமை இரட்டிப்பானது. ஒரு நாள் படியிலேயே செருப்போடு கால் மணி நேரம் நின்று ஒட்டுக் கேட்டேன். கீழ் வீட்டுக்காரர் குப்பை கொட்ட வந்தவர், “இன்னா அண்ணாத்த, சாவி இல்லியா?” என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு என் வீட்டுக் காலிங் பெல்லை நானே அடித்தேன்.

“எனுக்கு அவ ஒரு தடவ திட்டுனா போதும்” என்று மனைவியிடம் புலம்பினேன்.

“திட்டுனா நீ தாங்குவியா?” என்று கேட்டாள்.

தாங்குவேன் என்று சொன்னேன். அடித்துச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு வந்தோம். அன்று காற்று அதிகம். மனைவி மாங்காய் பத்தை வாங்கிவருகிறேன் என்று கடைப் பக்கம் போனாள். நானும் மகளும் ஈர மணலில் நின்றோம். அவள் கை என் கைக்குள் இருந்தது. ஏதோ சொன்னாள்.

“கேக்கல” என்றேன்.

மறுபடி சொன்னாள். வாய் அசைந்தது, அவ்வளவுதான். நான் நடிக்கவில்லை. அவளுடைய கிசுகிசுப்பைக் காற்று அப்படியே அடித்துக்கொண்டு போனது.

“இன்னும் சத்தமா சொல்லும்மா.”

“தண்ணில போவணும்பா.”

“இன்னிக்கி அல பெருசா கீது. வாணாம்.”

வழக்கம் போல “சரிப்பா” என்று முடிந்திருக்கும். ஏதோ சொன்னாள், காற்றில் இந்தத் தடவையும் கேட்கவில்லை. “இன்னா?” என்றேன். மறுபடி உதடு அசைந்தது. “இன்னா சொல்ற, கேக்கல” என்றேன். அவள் என் கையை உதறிவிட்டு மூச்சை இழுத்தாள்.

“எப்ப பாத்தாலும் வாணாம் வாணாம்னே சொல்லிகினு கீற! உனுக்கு வாணாம்னா நீ வூட்ல போய் தூங்கு!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீன்காரம்மாவோடு கேட்ட அதே குரல். இதற்காக எத்தனை மாதம் ஏங்கியிருக்கிறேன். ஆனால் வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். அது சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. முளைத்து மூன்று இலை விடவில்லை, நாலு பேருக்கு முன்னால் என்னைப் பார்த்து இப்படிப் பேசுவதா?

“ஏய்!” என்று கத்தினேன். அது என் குரல் இல்லை, என் அப்பாவின் குரல். கை பாதி வரை எழும்பியிருந்தது.

அவள் ஓரடி பின்னால் போனாள். உதடு கோணியது. முடிந்தது, கிடைத்ததை நானே கெடுத்துக்கொண்டேன், இனி ஜென்மத்துக்கும் என்னிடம் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

“நீ கத்தாத!” என்றாள். அழுதுகொண்டே, ஆனால் குரலை இறக்காமல். “நான் பேசிகினு கீறேன்ல?”

கையைக் கீழே போட்டேன்.

“எனுக்கு பொறந்த நாளு கேக் வெட்டறப்ப நீ தூங்கிகினு கீற. நான் வரஞ்ச பூனைய எடுத்து நீ வண்டி தொடச்சிட்ட. ரோட்ல கைய புட்சி வேகமா இஸ்துகினு போற, எனுக்கு காலு குட்டி. ஊஞ்சல்ல வுடறேன்னு சொன்ன, வுடவே இல்ல. அம்மாவ ஏன் திட்டுன?”

பூனைப் படம் எனக்கு நினைவில் இல்லை. ஊஞ்சலும் நினைவில் இல்லை. எந்தச் சண்டையில் அவள் அம்மாவைத் திட்டியதைச் சொல்கிறாள் என்றும் தெரியவில்லை, ஒன்றா ரெண்டா. மனைவி மாங்காய்ப் பொட்டலத்தோடு வந்தவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை.

மகள் மூச்சு வாங்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் கீதா?” என்று கேட்டேன்.

“கீது” என்றாள். “நீ ஒக்காரு.”